கால்நடைகளும் அவற்றைப் பேணியோரும்: சிராங்கூன் சாலையும் ஒட்டுண்ணி நோய்களின் வரலாறும்

முன்னுரை

சிங்கப்பூரில் இன்று 'லிட்டில் இந்தியா' என வழங்கும் பகுதிக்கு, அப்பெயர் ஏற்படுவதற்கு நெடுங்காலம் முன்பே மூன்று மொழிகளில் பெயர்கள் இருந்தன. மலாய்க்காரர் அதனைக் 'கண்டாங் கெர்பாவ்' என்றனர். எருமைக் கொட்டில் என்பது அதன் பொருள். சீனர் மூங்கிற்புதரின் அடி எனப் பொருள்படும் 'தெக் கியா' என்றனர். அதுவே நம்மவர் நாவில் 'தேக்கா' ஆயிற்று. தமிழரோ சுண்ணாம்புக் காளவாய்களைக் கொண்டு 'சுண்ணாம்புக் கம்பம்' என்றனர். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலும் தொடக்கத்தில் சுண்ணாம்புக் கம்பக் கோயில் என்றே அறியப்பட்டது. ஒரே இடத்தை ஒருவர் விலங்கால் அடையாளம் கண்டார். ஒருவர் மரத்தால் கண்டார். மற்றொருவர் தாம் செய்த தொழிலால் கண்டார். இம்மூன்றனுள் மலாய்ப் பெயரே நம் ஆய்வுக்கு வாயிலாக அமைகின்றது.

இப்பகுதியின் மாட்டு வாணிகம் குறித்து ஆய்வுகள் இல்லாமல் இல்லை. ஷரோன் சித்திக், நிர்மலா புருஷோத்தம் ஆகிய இருவரும் 1982இல் வெளியிட்ட நூல், இந்தியர் இங்குத் திரண்டு குடியேறியமைக்கு மாட்டுத் தொழிலே அடித்தளம் என்பதை விளக்கியுள்ளது. ஆயினும் மாட்டைப் பேணுவோன் மாட்டோடு பகிர்ந்துகொள்வது வருவாயை மட்டும் அன்று. நீரையும் சேற்றையும் கொட்டிலின் தரையையும் அவன் அதனோடு பகிர்ந்துகொள்கின்றான். அவற்றின் வழியாக இரண்டு உடல்களுக்கும் பொதுவான ஒட்டுண்ணிகளையும் பெறுகின்றான். இத்தகைய ஒட்டுண்ணிகளைப் பற்றிய அறிவு பெரிதும் உருவானது, சிராங்கூன் சாலையில் மாட்டுத் தொழில் செழித்திருந்த அதே காலத்தில்தான். அவ்வறிவின் கணிசமான பகுதி இந்தியாவிலும் மலாயாவிலும் உருவானது. கால்நடையைக் கூர்ந்து நோக்கிய அவ்வறிவியல், அதனைப் பேணியவனை எவ்வாறு நோக்கியது என்பதே நம் வினா.

எருமைக் கொட்டிலின் தெருக்கள்

ரோச்சோர் ஆற்றை அடுத்த தாழ்நிலம் இது. நீர் தேங்கும், புல் செழிக்கும். மாடு வளர்ப்போர்க்கு வேறென்ன வேண்டும்? இந்நிலத்தில் கொட்டில்கள் பெருகின. இன்றும் தெருப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் அத்தொழிலின் வரலாறு புலப்படும். பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் எருமையின் பெயரையே ஆங்கிலத்திலும் மலாயிலும் தாங்கி அருகருகே நிற்கின்றன. லெம்பு சாலை என்பதில் 'லெம்பு' பசுவைக் குறிக்கும். பெலிலியோஸ் சாலை, கல்கத்தாவிலிருந்து வந்து மாட்டு வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய பெலிலியோஸ் என்பாரின் நினைவாக அமைந்தது. டெஸ்கர் சாலை, இறைச்சிக் கூடம் நடத்திய டெஸ்கர் என்னும் யுரேசியரின் பெயரைத் தாங்கியது. வாணிகர்க்கும் இறைச்சிக்கூட உரிமையாளர்க்கும் தெருக்கள் கிடைத்தன, விலங்குகளுக்கும் கிடைத்தன. சாணம் அள்ளியவர்க்கும் புல் அறுத்தவர்க்கும் அவ்வாறு ஒரு தெருவும் வாய்க்கவில்லை.

கொட்டில்களுக்கு எதிரே, 1840களின் தொடக்கத்திலிருந்தே குதிரைப் பந்தயத்திடல் இருந்தது. ஆகவே மாட்டைப் பேணியவர்களோடு குதிரையைப் பேணியவர்களும் இங்கு வாழ்ந்தனர். பவியன் தீவினர் பலர் குதிரைக்காரர்களாக இருந்தனர். பால் கறந்து விற்றவர்களுள் தமிழரும் இருந்தனர். வடஇந்தியாவிலிருந்து வந்த 'பையா'க்களும் இருந்தனர். வண்டியிழுக்கவும் செக்காட்டவும் காளைகள் தேவைப்பட்டன. சைனாடவுனில் உள்ள 'கிரேத்தா ஆயர்' என்னும் பெயரே நீர் சுமந்த மாட்டு வண்டியைக் குறிப்பது. மின்விசையும் மோட்டாரும் வருமுன் இந்நகரம் இயங்கியது மாட்டின் தோள்மீது எனின் அது மிகையன்று.

எருமைக் கொட்டிலின் பெயரையே தாங்கிய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 1924இல் மகப்பேற்று மருத்துவமனை ஆயிற்று. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கு 39,835 குழந்தைகள் பிறந்தன. சிங்கப்பூரர் பலருடைய முதல் முகவரி எருமைக் கொட்டில் என்பதைச் சற்றே புன்னகையுடன் இங்குக் குறித்துக்கொள்ளலாம்.

நாடாப்புழுவும் குதிரைக்காரனும்

மாட்டிறைச்சி வழியாக மனிதனை அடையும் நாடாப்புழுவே, இவ்வொட்டுண்ணிகளுள் முதலில் முறையாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று. 'டீனியா சாஜினேட்டா' எனப்படும் இப்புழு முழுவளர்ச்சி பெறுவது மனிதக் குடலில் மட்டுமே. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறிப் புல்லில் படிகின்றன. மேயும் மாட்டின் குடலை அடைந்து, தசையில் சிறு நீர்க்கொப்புளங்களாகத் தங்குகின்றன. அவ்விறைச்சியை நன்கு வேகவைக்காமல் உண்பவரிடம் மீண்டும் புழுவாகின்றன. மாடு மனிதனுக்கு நோய் தருகின்றது என்பதே பொதுவழக்கு. இங்கோ மனிதன்தான் முதலில் மாட்டுக்குத் தருகின்றான்; மாடு திருப்பித் தருகின்றது.

ஜெர்மானிய அறிஞர் லூக்கார்ட் 1861இல் கன்றுக்குப் புழுவின் கணுக்களை ஊட்டி இச்சுழற்சியின் ஒரு பாதியை மெய்ப்பித்தார். மறுபாதியை மெய்ப்பிக்க, இறைச்சியிலுள்ள கொப்புளத்தை மனிதன் விழுங்கியாக வேண்டும். அது நடந்தது இந்தியாவில். பஞ்சாபின் படைமுகாம்களில் வெள்ளைப் படைவீரர்க்கு வழங்கப்பட்ட மாட்டிறைச்சியில் இக்கொப்புளங்கள் மிகுந்திருந்தமை 1860களின் இறுதியில் ஆட்சியாளரைக் கவலைக்கு உள்ளாக்கியது. அங்குப் பணியாற்றிய ஆலிவர் என்னும் மருத்துவர், 1869ஆம் ஆண்டளவில் கொப்புளங்கள் கொண்ட இறைச்சியை இருவருக்கு ஊட்டினார். ஒருவர் முஸ்லிம் குதிரைக்காரர். மற்றவன் தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த இந்துச் சிறுவன். பின்னர் இருவரிடமும் நாடாப்புழு தோன்றியது. கண்டுபிடிப்பு உறுதியாயிற்று, ஒட்டுண்ணியியல் வரலாற்று நூல்களில் ஆலிவரின் பெயர் இடம்பெற்றது. குதிரைக்காரருக்கும் சிறுவனுக்கும் அந்நூல்கள் தருவது சமயமும் சாதியும் தொழிலும் மட்டுமே.

இதனை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஆய்வின் நோக்கம் படைவீரனின் தட்டு. ஆய்வின் கருவி கால்நடையைப் பேணியவனின் குடல். கல்கத்தாவில் பணியாற்றிய திமோதி லூயிஸ், இறைச்சியிலுள்ள கொப்புளங்கள் எவ்வளவு சூட்டில் இறக்கும் என்பதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1872இல் அறிக்கை அளித்தார். அதுவும் சமையற்கூடத்துக்கான விடையே. மாடு மேயும் நிலத்தில் மேய்ப்பவன் வேறெங்கு மலம் கழிப்பான், அவனுக்குக் கழிப்பிடம் உண்டா என்னும் வினா, புழுவின் சுழற்சியை அறிந்த எவர்க்கும் எழவேண்டிய முதல் வினா. அவ்வினாவுக்கு விடைகாண்பதினும் இறைச்சியைச் சோதிப்பது எளிதாகவும் செலவு குறைந்ததாகவும் இருந்தது.

மாட்டிறைச்சியைத் தொடாத இந்துப் பால்காரன் இப்புழுவிடமிருந்து தப்பினான் என்பது உண்மையே. உணவு விலக்கு ஒன்று உடலுக்கு அரணாக அமைந்த இடம் அது. ஆனால் அவ்வரண் வாயிலை மட்டுமே காத்தது, காலைக் காக்கவில்லை.

நீரில் இறங்கிய கால்கள்

எருமை நீரை விட்டு நெடுநேரம் இராது. அதனைக் குளிப்பாட்டுபவனும் முழங்காலளவு நீரில் நிற்பான். எருமையும் பசுவும் புழங்கிய நீரில் நின்றவர்க்குச் சிறிது நேரத்தில் காலில் தினவு எடுப்பதும் சிவந்த தடிப்புகள் தோன்றுவதும் வயலும் குளமும் சார்ந்து வாழ்வோர் நன்கறிந்தவை. விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண் வேறு. அது ஈரத்தாலும் பூஞ்சையாலும் வருவது. இத்தினவின் காரணம், மாட்டின் இரத்தக் குழாய்களில் வாழும் ஒரு தட்டைப்புழு.

இமயமலைச் சாரலில் முக்தேசர் என்னுமிடத்தில் அரசின் கால்நடை ஆய்வுக்கூடம் இருந்தது. மாடுகளைக் கொள்ளை கொள்ளையாக அழித்த வெக்கை நோய் முதலியவற்றை ஆராய அமைந்த நிறுவனம் அது. அங்குப் பணியாற்றிய மாண்ட்கோமரி 1906இல், கதிர்க்கோல் போன்ற வடிவுடைய முட்டைகளை இடும் ஒரு தட்டைப்புழுவை விவரித்தார். முட்டையின் வடிவாலேயே அது 'சிஸ்டோசோமா ஸ்பிண்டேல்' எனப் பெயர்பெற்றது. 1918இல் பம்பாயில் லிஸ்டன், சோபார்க்கர் ஆகிய இருவரும் இப்புழு தன் இளமைப் பருவத்தை 'இந்தோபிளானார்பிஸ் எக்சஸ்டஸ்' என்னும் நன்னீர் நத்தையில் கழிக்கின்றது என்று காட்டினர். மெசப்பொத்தேமியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் திரும்பும் படைவீரர் வழியாக மனிதர்க்குரிய சிஸ்டோசோமா நோய் இந்தியாவில் வேரூன்றுமோ என்னும் அச்சம் நிலவிய காலம் அது. மீண்டும் படைவீரனே இங்கு முன்னிற்கின்றான்.

புழுவின் செலவை இங்குச் சுருக்கிக் கூறலாம். முட்டை மாட்டின் சாணத்தோடு நீரில் விழுகின்றது. அதிலிருந்து வெளிப்படும் நுண்ணுயிர் நத்தையுள் புகுந்து பலவாகப் பெருகுகின்றது. பின்னர் வாலுடைய இளம்புழுக்களாக நீரில் நீந்துகின்றது. நீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உட்புகுந்தால் அது முழுப்புழுவாக வளரும். மனிதனின் தோலையும் அது அவ்வாறே துளைக்கும். ஆயின் அங்கு வளராமல் மடியும். அது மடியும் இடமே தடித்துத் தினவெடுக்கின்றது. முதன்முறை நீரில் இறங்குபவர்க்குத் தினவு குறைவாகவே இருக்கும்; மீண்டும் மீண்டும் இறங்குபவரின் உடல் இப்புழுவை அடையாளம் கண்டுகொண்டு மேன்மேலும் கடுமையாக எதிர்வினை ஆற்றும். ஒருநாள் வந்து போகின்றவரைக் காட்டிலும் நாள்தோறும் எருமையைக் கழுவுபவரே மிகுதியாக வருந்துவர்.

இத்துறையில் தமிழகத்தின் பங்கைத் தமிழாசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று. சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தோன்றியது. அங்குப் பணியாற்றிய அனந்த நாராயண ராவ், மாடுகளின் மூக்கில் புடைப்புகளை உண்டாக்கிக் குறட்டை போன்ற மூச்சொலியை எழுப்பும் நோய்க்குக் காரணமான மற்றொரு சிஸ்டோசோமாவை 1930களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார். 'சிஸ்டோசோமா நசாலே' என்னும் அப்புழுவின் பெயருக்குப் பின் 'ராவ், 1933' என்று எழுதுவதே உலகெங்கும் அறிவியல் மரபு. இதன் இளமைப் பருவமும் அதே நத்தையில்தான் கழிகின்றது.

இனி மனிதனின் கால். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரி ஒன்றில் நீந்தியவர்களுக்கு ஏற்பட்ட தோல் அரிப்புக்குப் பறவை, விலங்குகளின் சிஸ்டோசோமா இளம்புழுக்களே காரணம் என்பதைக் கார்ட் என்பார் 1928இல் கண்டறிந்தார். அந்நோய்க்கு 'நீச்சலர் தினவு' என்றே பெயர் ஏற்பட்டது. விடுமுறைக்கு ஏரியில் நீந்தியவரின் தினவு முதலில் பெயர்பெற்றது; பிழைப்புக்காக நீரில் நின்றவரின் தினவு பத்தாண்டு காத்திருந்தது. பக்லி என்பார் 1938இல், மலாயாவில் மலாய்க்காரர்க்கு ஏற்பட்ட தோல் அழற்சி, மாண்ட்கோமரி விவரித்த அதே மாட்டுப் புழுவின் இளம்புழுக்களால் விளைந்தது என்று நிறுவினார். 'சாவா' என்னும் மலாய்ச் சொல் நெல்வயலைக் குறிக்கும். ஆதலின் இது 'சாவா தினவு' என வழங்கலாயிற்று. இந்தியா, இலங்கை, தாய்லாந்து ஆகிய நாடுகளின் வயல்களிலும் இது காணப்படுகின்றது. 1906இலேயே மாட்டின் உடலில் அறியப்பட்ட ஒரு புழு, அதே நீரில் நின்ற மனிதனின் காலில் இனம் காணப்பட முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

தாழ்நிலமும் எருமையும் கூடியிருந்த கண்டாங் கெர்பாவை, மலாயாவின் வயல்களில் நிகழ்ந்த இக்கண்டுபிடிப்போடு சேர்த்தே நாம் படிக்கவேண்டும். கொட்டிலையும் குட்டையையும் நாற்றத்தின் உறைவிடமாக மட்டும் கருதிய நகரவரலாற்றுக்கு, அக்குட்டையுள் நின்ற கால்களின் பக்கமிருந்து ஒரு பார்வையை இது தருகின்றது.

சர்ரா: மனிதனைத் தொடாது எனப்பட்ட நோய்

பந்தயத்திடலின் குதிரைகளை நினைக்கும்போது 'சர்ரா' நோயையும் சுருக்கமாகக் குறிக்கவேண்டும். குதிரை, ஒட்டகம், மாடு ஆகியவற்றை மெலிவித்துக் கொல்லும் இந்நோய்க்குக் காரணமான இரத்த ஒட்டுண்ணியைக் கிரிஃபித் இவான்ஸ் என்னும் படைக் கால்நடை மருத்துவர் 1880இல் பஞ்சாபின் தேரா இஸ்மாயில்கானில் கண்டறிந்தார். உண்ணிகளைப் போலன்றி இது இரத்தத்தினுள் வாழும் நுண்ணுயிர். கடிக்கும் ஈக்களால் பரவுவது. மனித இரத்தத்திலுள்ள ஒரு புரதம் இதனை அழித்துவிடுவதால், இது மனிதரைத் தாக்காது என்பதே நூறாண்டுக்கும் மேலாக நிலவிய கொள்கை. 2004ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மகாராட்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், மாடு வளர்த்த உழவர் ஒருவர் விட்டுவிட்டு வந்த காய்ச்சலோடு மருத்துவரிடம் சென்றார். அவரது இரத்தத்தில் இவ்வொட்டுண்ணி காணப்பட்டது. 'சுராமின்' என்னும் மருந்தால் அவர் குணமடைந்தார். பிறவியிலேயே அப்புரதம் அவர் உடலில் இல்லை என்பது 2006இல் வெளியான ஆய்வால் விளங்கிற்று. பொதுவிதிக்கு விலக்கானவர் ஒருவர் இருந்தார். அவர் மாட்டுக் கொட்டிலில் இருந்தார்.

கொட்டில் பெயர்ந்தது, வாளி நின்றது

சிங்கப்பூர் நகராட்சிக்கு மாடு ஒரு சுகாதாரச் சிக்கலாகவே தோன்றியது. பாலில் நீர் கலத்தலும் அந்நீரின் தூய்மையின்மையும் சுகாதார அலுவலரின் நீங்காக் கவலைகள். 1907இல் பேராசிரியர் சிம்சன் நகரின் சுகாதார நிலை குறித்து அளித்த அறிக்கை, நெருக்கமான கடைவீடுகளையும் கழிவகற்றலையும் கடுமையாகக் குறைகூறியது. சதுப்பு தூர்ந்தது, நிலத்தின் விலை ஏறியது. 1930களில் கொட்டில்கள் சிராங்கூன் சாலைப் பகுதியை விட்டு அகற்றப்பட்டன. மாட்டோடு பால்காரரும் நகரின் புறத்தே சென்றனர்.

இதே காலத்தில், 1929இல், புக்கிட் தீமா மலையடிவாரத்தில் கோல்டு ஸ்டோரேஜ் நிறுவனத்தின் மேலாளர் ஃபிரெட் ஹெரான் ஐரோப்பிய இன மாடுகளைக் கொண்டு ஒரு பால்பண்ணை அமைத்தார். 'டெய்ரி ஃபார்ம்' சாலையின் பெயர் அதன் எச்சம். பண்ணை இருந்த வட்டாரம் 2009 முதல் இயற்கைப் பூங்காவாக உள்ளது. ஆகவே சிக்கல் மாட்டில் இல்லை என்பது தெளிவு. மாடு எவரிடம், எத்தகைய கொட்டிலில், எத்தகைய முதலீட்டில் இருந்தது என்பதிலேயே வேறுபாடு இருந்தது.

நாடாப்புழுவின் சுழற்சியை இங்கு மீண்டும் எண்ணிப் பார்க்கவேண்டும். அதற்கு இரண்டு முனைகள்: ஒன்று மாடு, மற்றொன்று மனித மலம். எதை அறுத்தாலும் சுழற்சி நிற்கும். கொட்டில்களை அகற்றியதன் நோக்கம் புழுவை ஒழிப்பது அன்று. எனினும் விளைவளவில் நகரத்துள் அறுபட்டது மாடு என்னும் முனை. மலத்தை வாளியில் அள்ளிச் செல்லும் முறையோ சிங்கப்பூரில் 1987 சனவரி வரை எங்கேனும் ஓரிடத்தில் நீடித்தது. கொட்டில் பெயர்ந்து ஏறத்தாழ அரைநூற்றாண்டு கழித்தே வாளி மறைந்தது. மாட்டை அகற்றுதலால் இழப்பு அதனைப் பேணியவர்க்கு. வாளியை அகற்றுதலால் செலவு நகரத்துக்கு. இவற்றுள் எது முந்தியது என்பதே சிராங்கூன் சாலை வரலாற்றில் நாம் வலியுறுத்த விரும்பும் செய்தி.

இன்றைய தேக்கா

இப்போது இப்பகுதியில் கொட்டில் இல்லை. ஞாயிறுதோறும் இங்குத் திரளும் தொழிலாளருள் பலர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்த தொழிலாளரிடம் மூளையில் தங்கிய பன்றி நாடாப்புழுக் கொப்புளங்களால் வலிப்பு ஏற்பட்டமை சிங்கப்பூர் மருத்துவர்களால் பதிவுசெய்யப்பட்டுள்ளது. அக்கொப்புளம் ஊரில் பெற்றதாக இருக்கலாம். வலிப்போ பல ஆண்டுகள் கழித்துக் கடல்கடந்த ஊரில் வரலாம்.

இந்நோயைப் பற்றிய அறிவில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பங்கு பெரிது. வலிப்பு நோயாளியின் மூளைப்படத்தில் தெரியும் சிறு வளையம் போன்ற கட்டினைக் காசநோய்க் கட்டி எனக் கருதி நெடுநாள் மருந்தளிப்பதே இந்தியாவில் வழக்கமாக இருந்தது. அவற்றுட் பெரும்பாலானவை புழுக்கொப்புளங்களே என்பதை மேத்யூ சாண்டி, ராஜசேகர் முதலியோர் 1989இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். பன்றியிறைச்சியை ஒருபோதும் உண்ணாத சைவ உணவினர்க்கும் இந்நோய் வருகின்றது. கொப்புளத்தை உண்டாக்குவது இறைச்சி அன்று. புழுவுடைய மற்றொருவரின் மலத்திலிருந்து கையையோ காய்கறியையோ நீரையோ அடைந்த முட்டை. முன்னர் நாம் கூறிய உணவு விலக்கு என்னும் அரண் இங்கு வாயிலையும் காக்கவில்லை.

மாடுகள் ஆண்டுக்கொருமுறை தேக்காவுக்குத் திரும்பி வருவதுண்டு. பொங்கலின்போது பண்ணையிலிருந்து சில மாடுகளையும் ஆடுகளையும் கேம்பல் லேன் வட்டாரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவது பல ஆண்டுகளாக வழக்கம். பள்ளி மாணவர் பலர் மாட்டை அருகில் காண்பது அப்போதுதான். அவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு, கெர்பாவ் சாலையும் லெம்பு சாலையும் சில நிமிட நடையில் உள்ளன.

சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாற்று நேர்காணல்களைத் தொகுத்து வருகின்றது. அவற்றுள் தமிழில் அமைந்தனவும் உண்டு. பால்காரக் குடும்பங்களில் பிறந்து, நகர்ப்புறக் கொட்டில்களில் இளமையைக் கழித்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். எத்தனை மாடு, படி என்ன விலை என்று அவர்களிடம் கேட்பதோடு, எருமையை எந்த நீரில் கழுவினர், வீடு திரும்பியதும் காலில் எதைப் பூசினர், அத்தினவுக்கு வீட்டில் என்ன பெயர் சொன்னார்கள் என்பவற்றையும் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும்.